சாரலுக்கு முன்னே சாகுபடி
குற்றாலம் ஓட்டல்களின் சீசன் தேவையை அறிந்து பயிர் வைப்பது எப்படி?

ஆனி மாதம் பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசத் தொடங்கினால் குற்றாலத்தில் சாரல் விழும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டுகிறது என்ற செய்தி பரவிய முதல் சனிக்கிழமையே ஊர் நிரம்பிவிடும். அன்று விடியுமுன்பே ஓட்டல்களில் அடுப்பு மூட்டப்படுகிறது. நனைந்த தலையோடு வருகிறவர்கள் கேட்பது சூடான இட்லி, வடை, பஜ்ஜி. மதியம் இலைச் சாப்பாடு. இரவில் பரோட்டா.

அந்தச் சாப்பாட்டுக்கான கத்தரிக்காயும் வெங்காயமும் மல்லித்தழையும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கிழக்கே பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கமெல்லாம் காய்கறி விளையும் பூமி. ஆனால் அங்கு விளைந்த காய் மார்க்கெட்டுக்குப் போய், கமிஷன் கழிந்து, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி கழிந்து, இரண்டு கை மாறிய பிறகே குற்றாலத்து ஓட்டலுக்கு வருகிறது. பல வாரங்களில் வெளி மாவட்டச் சரக்குதான் வருகிறது. பக்கத்து ஊர் விவசாயியின் தோட்டத்தில் அந்த வாரம் காய் இருப்பதில்லை. காய் வரும்போது சீசன் முடிந்து, கத்தரிக்காய் கூடை கூடையாகத் தேங்கிக் கிடக்கும்.

இதற்கு மண்ணையோ தண்ணீரையோ குறை சொல்வதற்கில்லை. நாற்று விட்ட தேதிதான் காரணம். சிறு விவசாயிகள் சிலர் ஒன்று கூடி, ஓட்டல்காரர் எப்படித் திட்டமிடுகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப நாள் குறித்துப் பயிர் வைத்தால் இந்தக் குறையைப் பெருமளவு சரி செய்யலாம்.

ஓட்டல்காரரின் கணக்கு

சீசன் வந்த பிறகு சரக்கு தேடும் ஓட்டல்காரர் நஷ்டப்படுவார். அனுபவம் உள்ளவர் மாசி, பங்குனியிலேயே யோசிக்கத் தொடங்குகிறார். எத்தனை சமையல்காரர், எத்தனை பரிமாறுபவர், மளிகை எவ்வளவு, எந்த வியாபாரிக்கு முன்பணம் என்பதெல்லாம் வைகாசி நடுவில் முடிவாகிவிடும். எனவே ஆனியில் காய்க்கூடையோடு ஓட்டல் வாசலில் போய் நிற்கும் விவசாயிக்கு நல்ல பதில் கிடைப்பது அரிது.

"இப்ப வந்து கேட்டா நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி? ஏவாரிக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சே. மாசியில வந்திருந்தா பேசியிருக்கலாம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். இதில் தவறு ஒன்றுமில்லை. நூறு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது "இன்னைக்கு இலை வரலை" என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. அவருக்கு விலையைவிட நிச்சயம் முக்கியம். இதைப் புரிந்துகொண்ட விவசாயிக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஓட்டல்காரர் சீசனை ஒரே மொத்தமாகப் பார்ப்பதில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் வார நாட்களில் குடும்பத்தோடு வருகிறவர்கள் குறைவு. சனி, ஞாயிறு கூட்டம் வார நாளைப்போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு இருக்கும். ஆடி அமாவாசைக்குத் தனிக் கூட்டம். அரசு நடத்தும் சாரல் விழா நாட்களில் வேறு கூட்டம். வெயில் அடித்து அருவியில் தண்ணீர் குறைந்தால் நான்கே நாளில் ஊர் வெறிச்சோடும். ஆகவே அவருக்கு வேண்டியது வெள்ளி இரவிலும் சனி இரவிலும் அதிகச் சரக்கு, செவ்வாய் புதனில் கொஞ்சம். தினம் ஒரே அளவு காய் பறித்துக் கொடுப்பவரைவிட, வெள்ளிக்கிழமைக்கு என்று செடியில் நிறுத்தி வைத்துப் பறித்துக் கொடுப்பவரையே அவர் விரும்புவார். வெண்டைக்காயை அப்படி நிறுத்த முடியாது. இரண்டு நாள் விட்டால் முற்றி நார் ஓடிவிடும். கத்தரியை ஓரிரு நாள் நிறுத்தலாம். பூசணியையும் தடியங்காயையும் வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். எதைப் பயிரிடுவது என்ற முடிவுக்கே இந்த வேறுபாடு உதவும்.

அவர் போடும் பலகாரத்தையும் கவனிக்க வேண்டும். சாரல் காலத்தில் எலுமிச்சைச் சாறு விற்காது. கடையம், புளியங்குடி எலுமிச்சைக்கு வேறு சந்தை பார்த்துக்கொள்வதே நலம். ஆனால் வாழைக்காய் பஜ்ஜிக்கு மொந்தன் காய் வேண்டும். பஜ்ஜி மிளகாய் வேண்டும். ஆம்லெட், பரோட்டா என்று வெங்காயம் மூட்டை மூட்டையாகச் செலவாகும். சுக்குக் காப்பிக்குக்கூட மல்லி விதை போகிறது.

முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ஒரு சந்தை

குற்றாலத்துக்கு இரண்டு சீசன். ஆனி, ஆடி, ஆவணி முற்பகுதி வரை சாரல் சீசன். கார்த்திகை முதல் நாளில் தொடங்கி மகர விளக்கு வரை ஏறக்குறைய 60 நாள் ஐயப்ப பக்தர்கள் வரும் சீசன். செங்கோட்டை, ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்கள் குற்றாலத்தில் குளித்துச் சாப்பிட்டுப் போவது வழக்கம்.

வாழை இலை வியாபாரம் தெரிந்த விவசாயிகள் இந்த மாதங்களின் பெயரைக் கேட்டதும் ஒன்றைக் கண்டுகொள்வார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் இலை விலை இறங்கிவிடும். கட்டுக்கட்டாக இலை தேங்கும். அதே நாட்களில் குற்றாலத்தில் மட்டும் பந்தி ஓய்வதில்லை. தைக்கும் வைகாசிக்கும் முகூர்த்தச் சந்தை, ஆடிக்கும் மார்கழிக்கும் குற்றாலம் என்று ஒரே தோட்டத்து இலைக்கு ஆண்டு முழுவதும் இடம் இருக்கிறது. தென்காசி வட்டாரத்துச் சிறு விவசாயிக்கு வாய்த்துள்ள இந்த வசதி மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடையாது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும் இதற்குச் சாதகமே. உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் தட்டும் அந்தத் தடையில் அடங்கும். தடையை ஏமாற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், நல்ல இலை நேரத்துக்குக் கிடைத்தால் ஓட்டல்காரர் இலையைத்தான் வாங்குவார். சாப்பிட வருகிறவருக்கும் அதில்தான் திருப்தி.

அரை ஏக்கர் இலைத் தோட்டம்

ஒரு கணக்குப் பார்ப்போம். நடுத்தர ஓட்டல் ஒன்று வார நாளில் 150 சாப்பாடும், சனி, ஞாயிற்றில் 500 சாப்பாடும் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 வார நாட்களுக்கு 3,300. எட்டு விடுமுறை நாட்களுக்கு 4,000. ஆக 7,300 இலைத் துண்டுகள். ஒரு முழு இலையில் நுனி இலை ஒன்றும் ஏடு இரண்டும் கிடைத்தால், மாதம் சுமார் 2,430 முழு இலை தேவை.

இலைக்கென்று ஐந்தடிக்கு ஐந்தடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு சுமார் 1,740 கன்று பிடிக்கும். அரை ஏக்கருக்கு 870. மரத்துக்கு மாதம் மூன்று இலை அறுத்தால் 2,610 இலை. காகிதத்தில் கணக்கு மிக அழகாகச் சரிப்பட்டு வருகிறது. ஆனால் இந்தக் கணக்கை நம்பி ஓட்டல்காரரிடம் 7,300 என்று வாக்குக் கொடுத்துவிட்டால் ஆபத்து. காரணம், எந்தக் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டு வருகிறதோ அதே காற்றுதான் வாழை இலையைக் கிழிக்கிறது.

செங்கோட்டைக் கணவாய்க்கு நேர் கிழக்கே உள்ள தோட்டங்களில் ஆனி, ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்பதை அங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலை விரிந்த மூன்றாம் நாள் நார் நாராகத் தொங்கும். நார் நாரான இலையில் சாம்பார் நிற்காது. எனவே இலைத் தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் காற்றுத் தடுப்புக்கு வழி செய்ய வேண்டும். ஐப்பசி மழையில் நிலத்தின் மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை அகத்தி விதைத்துவிட்டால், ஆனிக்குள் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிடும். கீரையும் ஆகும், ஆட்டுக்குத் தழையும் ஆகும். வரிசை நெருக்கமாக இருக்க வேண்டும். ஆடிக் காற்று முடியும் வரை அகத்தியின் தலையை முறிக்கக் கூடாது. தழைக்கு ஆசைப்பட்டு ஆனியிலேயே முறித்துவிட்டால் வேலி போட்டும் பயன் இல்லை.

வாழைக் கன்றைத் தை மாதத்தில் நடலாம். நட்ட நான்கு, ஐந்து மாதத்தில் இலை அறுப்புக்கு வரும். தையில் நட்டால் ஆனிப் பிறப்புக்குச் சரியாக இருக்கும். பூவன், மொந்தன், பேயன், கற்பூரவள்ளி ஆகிய ரகங்கள் இலைக்கு ஏற்றவை. மொந்தன் நட்டால் பின்னர் காயும் பஜ்ஜிக்கு விலை போகும். ஆனால் ஒரே மரத்தில் இலையையும் நல்ல தாரையும் எதிர்பார்ப்பது சரியல்ல. தார் திரட்சியாக வர மரத்தில் பத்துப் பன்னிரண்டு நல்ல இலையாவது நிற்க வேண்டும். தாருக்கென்று ஓரத்தில் ஐம்பது மரத்தை ஒதுக்கி, அதில் கத்தியே வைக்காமல் இருப்பது நலம்.

காற்றுக் காலத்தில் இலையை மரத்தில் அதிக நாள் வைத்திருக்கக் கூடாது. குருத்து முழுவதும் விரிந்த ஓரிரு நாளில், வெயில் ஏறுமுன் அறுத்து, நிழலில் வைத்து, ஈரச் சாக்கில் சுற்றி அனுப்ப வேண்டும். கிழிந்த இலையிலும் நல்ல பகுதியைச் சிறு ஏடாக நறுக்கிக் கொடுத்தால் டிபன் இலைக்கு எடுத்துக்கொள்வார்கள். நுனி இலை, சாப்பாட்டு ஏடு, டிபன் ஏடு என்று தரம் பிரித்துக் கொடுப்பவரின் இலையை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

இவ்வளவு செய்தும் கால் பங்கு சேதம் போகும் என்று வைத்துக்கொண்டு, அரை ஏக்கர் உள்ளவர் மாதம் 4,000 துண்டுக்கு மேல் வாக்குக் கொடுக்காமல் இருப்பதே விவேகம். கூடுதலாகக் கிடைத்தால் கொடுக்கலாம், சந்தைக்கும் அனுப்பலாம்.

பின்னோக்கி நாள் எண்ணுதல்

மற்றப் பயிர்களுக்கும் இதே முறைதான். ஓட்டலுக்கு என்று தேவை என்பதைக் குறித்துக்கொண்டு, பயிரின் வயதைக் கழித்து விதைக்கும் நாளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கத்தரிக்கு நாற்றங்காலில் 30 முதல் 35 நாள், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு 55 முதல் 60 நாள். ஆக மூன்று மாதம். ஆனி முதல் தேதிக்குக் காய் வேண்டுமானால் பங்குனி முதல் தேதி நாற்று விட வேண்டும். சாதாரணமாக இந்தப் பக்கத்தில் சித்திரை மழையைப் பார்த்து நாற்று விடுகிறவர்களே அதிகம்; அவர்களுக்கு ஆடி பாதியில்தான் காய் வரும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் உருவாக்கப்பட்ட கே.கே.எம். 1 என்ற ரகம் பால் வெள்ளை நிறத்தில், முட்டை வடிவில், கொத்தாகக் காய்க்கும். வயது 130 முதல் 135 நாள். வெள்ளைக் கத்தரியை விரும்பிச் சாப்பிடும் நெல்லைச் சீமைக்கு ஏற்றது. ஒரே தவணையில் நட்டால் சீசன் முழுவதற்கும் காணாது. பங்குனி முதலில் பத்து சென்டுக்கும், சித்திரை நடுவில் பத்து சென்டுக்கும் தனித்தனியாக நாற்று விட்டால் ஆனி முதல் ஆவணி வரை பறிப்பு தொடரும்.

தண்டுத் துளைப்பான், காய்த் துளைப்பான் தாக்கிய நுனிகளை வாரம் இருமுறை கிள்ளி எரிப்பதும், இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் மருந்துச் செலவைக் குறைக்கும். மருந்து தெளித்தே ஆக வேண்டும் என்றால், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று புட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து அத்தனை நாள் பொறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆர்டர் இருக்கிறதே என்று புதன்கிழமை தெளித்த காயைப் பறிப்பது பெரும் பாவம். ஓட்டலில் சாப்பிடுபவர்களில் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

வெண்டை 45 நாளில் காய்க்கும். சித்திரைக் கடைசியில் விதைத்தால் போதும். கோடையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் அதிகம் என்பதால் நோயைத் தாங்கும் ரகத்தை வாங்க வேண்டும். சின்ன வெங்காயத்துக்கு 65 முதல் 70 நாள்; 25 சென்டுக்கு 150 கிலோ விதை வெங்காயம் பிடிக்கும். பங்குனிக் கடைசியில் ஊன்றினால் ஆனி முதல் வாரத்தில் வெட்டலாம். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்தி, தாளோடு நிழலில் உலர்த்திய பிறகுதான் பட்டறை போட வேண்டும். சாரல் ஈரத்தில் உலராத வெங்காயம் பத்தே நாளில் அழுகி மணக்கும். வெங்காயம் வைத்து விற்கக்கூடியது என்பதால் ஓட்டல்காரரின் அவசரத்துக்கு விவசாயி பணிய வேண்டியதில்லை.

சிறு கீரை 20 முதல் 25 நாள். மல்லித்தழை 35 முதல் 40 நாள். இவற்றுக்கு ஐந்து சென்ட் போதும். ஆனால் வாரம் ஒரு பாத்தி விதைக்க வேண்டும். மல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்காவிட்டால் முளைப்பு குறையும். கோடை வெயிலில் மல்லிக்கு நிழல் வேண்டும். வாழை இடைவெளியிலேயே ஆரம்பத்தில் இரண்டு மூன்று பாத்தி போட்டுக்கொள்ளலாம். அளவில் சிறிதானாலும் ஓட்டலுக்குத் தினமும் போய் வர இந்தக் கீரைக்கட்டுதான் காரணமாக இருக்கும். தினம் போகிறவருக்கே நாளைய தேவை தெரியும்.

தக்காளி? ஓட்டலுக்கு மிக அதிகம் தேவைப்படுவது அதுதான். நாற்றங்கால் 25 நாளும் நட்ட பிறகு 65, 70 நாளும் சேர்த்தால், பங்குனியில் விதைத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் பூக்க விட வேண்டியிருக்கும். கடும் வெயிலில் பூ உதிரும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோயும் அப்போதுதான் மும்முரம். கிணற்றுத் தண்ணீரும் அடியில் கிடக்கும். சிறு விவசாயி தம் குறைந்த முதலை இதில் போட வேண்டாம். தக்காளியை ஓட்டல்காரர் வியாபாரியிடமே வாங்கிக்கொள்ளட்டும்.

கோழியும் பாலும்

செங்கோட்டை, பிரானூர் பக்கத்து பரோட்டாக் கடைகளில் நாட்டுக்கோழிக்கு இருக்கும் கிராக்கி ஊரறிந்தது. நாட்டுக்கோழி விற்கும் எடைக்கு வர ஐந்து மாதம் ஆகும். எனவே ஆடியில் விற்க வேண்டிய கோழி மாசியில் பொரித்திருக்க வேண்டும். கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் கூண்டு காலியாவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். குஞ்சிலும் எட்டாவது வாரத்திலும் தடுப்பு மருந்து போட மறக்கக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் கூட்டம் என்பதால் கறி விற்பனை குறையும். அந்தச் சீசனை நம்பிக் கோழி சேர்க்க வேண்டாம்.

பசு மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று ஈன்று ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்கு வரும். இந்த ஆடியில் சினை ஊசி போட்டால் அடுத்த சித்திரைக் கடைசிக்குள் ஈன்று, ஆனியில் டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் நிறையப் பால் கொடுக்கலாம். சங்கத்துக்கு ஆண்டு முழுவதும் ஊற்றி வருபவர்கள் சீசன் ஆசையில் அதை முழுவதும் நிறுத்திவிடக் கூடாது. சீசன் போன பிறகும் சங்கம் வேண்டும்.

அருவி அடைக்கப்பட்டால்?

இந்தத் திட்டம் முழுவதும் ஒரு நீர்வீழ்ச்சியை நம்பி நிற்கிறது என்பதை மறந்துவிட முடியாது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் அருவிகளில் குளிக்கத் தடை வந்து, சாரல் விழுந்தும் கடைகள் மூடிக் கிடந்தன. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். அதையொட்டி அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையிலும் வெள்ளம் வரும் நாட்களில் தடை விதிப்பது வழக்கமாகிவிட்டது. தடை வந்த அன்று காலை ஓட்டலுக்குக் காய் தேவையில்லை. செடிக்கோ அது தெரியாது.

சாரல் வரும் நாளும் நிலையில்லை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. ஆனால் 2023-ல் ஜூன் 8-ல் தொடங்கியது; 2024-ல் மே 30; 2025-ல் மே 24. மூன்றே ஆண்டில் பதினைந்து நாள் வித்தியாசம். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரலில் ஒரு முன்னறிவிப்பும் மே கடைசியில் திருத்திய முன்னறிவிப்பும் வெளியிடுகிறது. ஏப்ரல் அறிவிப்பைப் பார்த்து வெண்டை, கீரைப் பரப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். வாழையும் கத்தரியும் அதற்கு முன்பே நிலத்தில் நிற்கும். அவற்றில் மாற்ற ஒன்றுமில்லை. ஆகவே விளைச்சலில் பாதிக்கு மேல் குற்றாலத்துக்கு என்று எழுதி வைக்கக் கூடாது. மற்றொரு பாதிக்குத் தென்காசி உழவர் சந்தை அட்டையும், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் பழைய கணக்கும் உயிரோடு இருக்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதிச் சந்தைத் தகவல் மையம் தக்காளி, கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம் ஆகியவற்றுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிட்டு வருகிறது. அதையும் விதைக்குமுன் பார்ப்பது நலம்.

விலை பேசுவது

பெரும்பாலான ஏற்பாடுகள் முறிவது விலையில்தான். மாசியில் கிலோ இத்தனை ரூபாய் என்று ஒரே விலை பேசிவிடுவார்கள். ஆடியில் மார்க்கெட் விலை இரண்டு மடங்கானால் விவசாயியின் மனம் மார்க்கெட்டுக்கு ஓடும். விலை பாதியானால் முதலாளியின் மனம் மாறும். "நேத்து மார்க்கெட்ல பாதி வெலைக்குக் கெடக்கு அண்ணாச்சி, நீங்க இந்த வெல சொல்லுதீயளே" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அடுத்த ஆண்டு அந்தக் கடைப்படியை மிதிக்க மனம் வராது.

சரக்கில் பாதிக்கு நிலையான விலை, மறு பாதிக்கு அன்றன்றைய பாவூர்சத்திரம் மார்க்கெட் விலை என்று பேசுவது இருவருக்கும் பொருந்தும். மார்க்கெட் விலை எல்லோருக்கும் தெரிந்தது. அதில் ஏமாற்ற இடமில்லை. கடை வாசலில் கொண்டு வந்து இறக்குவதற்குக் கிலோவுக்குச் சிறு தொகை சேர்த்துக் கேட்கலாம். கமிஷனும் கூலியும் மிச்சமாவதால் விவசாயிக்கு இதிலேயே இலாபம் உண்டு. ஓட்டல்காரருக்கும் வியாபாரி விலையைவிடக் குறைவாகவே விழும்.

பணம் வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ள வேண்டும். சீசன் கடைசியில் மொத்தமாக என்று சம்மதித்துவிட்டு, சீசன் படுத்ததும் ஓட்டல் பூட்டப்பட்டு, பாக்கிக்கு அலைந்தவர்கள் உண்டு. குத்தகைக்கு எடுத்து நடத்தும் சீசன் கடைகளில் இந்த ஆபத்து அதிகம். அத்தகைய இடங்களில் ரொக்கத்துக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். இரண்டு நோட்டு போட்டு, எடையையும் தேதியையும் இருவரும் எழுதிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்றரை ஏக்கர்க்காரர் ஒருவரே இவ்வளவையும் செய்ய முடியாது. ஒரே ஊரில் ஐந்து பேர் சேர்ந்தால் ஒருவர் இலை, ஒருவர் கத்தரி, ஒருவர் கீரை என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு சிறு வண்டி போதும். ஒருவர் தோட்டத்தில் காற்று இலையைக் கிழித்தால் மற்றவர் தோட்டத்திலிருந்து கட்டு போகும். வண்டி வெறுமனே திரும்ப வேண்டாம். சாப்பிட்ட இலையையும் காய்கறிக் கழிவையும் எருக்குழிக்கு ஏற்றி வரலாம். பிளாஸ்டிக் பையும் தீக்குச்சியும் கலக்காமல் தனித் தொட்டியில் போட்டு வைக்கும்படி ஓட்டல்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குப்பை போக வழி தெரியாமல் தவிக்கும் ஓட்டல்காரருக்கு இது பெரிய உதவி. சில இடங்களில் காய் வாங்குவதற்கே இது காரணமாகிவிடும்.

ஐயப்ப சீசனுக்கு

ஆடியில் பறிப்பு மும்முரமாக இருக்கும்போதே அடுத்த சீசனுக்கு நாற்று விட வேண்டும் என்பதுதான் கஷ்டம். ஆடி முதல் வாரத்தில் கத்தரி நாற்று விட்டு ஆவணியில் நட்டால் ஐப்பசியில் காய்க்கத் தொடங்கி, கார்த்திகை, மார்கழி முழுவதும் கிடைக்கும். மழைக்காலம் என்பதால் மேட்டுப்பாத்தியும் வடிகாலும் அவசியம். முருங்கைக்கு அப்போது பூ உதிரும். காய் அரிதாகி விலை ஏறும். மேடான, வடிகால் உள்ள இடத்தில் பத்து மரம் இருந்தால் கிடைக்கும் சில காய்க்கும் நல்ல விலை உண்டு. மாலை போட்டவர்களில் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களும் இருப்பதால் பூசணி, தடியங்காய், அவரை, வாழைக்காய் அதிகம் செலவாகும். ஓட்டல்காரரிடம் பட்டியல் கேட்டுக்கொண்டு ஆவணியிலேயே பூசணி விதை ஊன்றலாம்.

காற்று ஓய்ந்துவிடுவதால் இலை கிழியாது. ஆனால் மழையும் குளிரும் சேர்ந்த நாட்களில் இலைப்புள்ளி நோய் வரும். புள்ளி விழுந்த இலையை முதலில் கண்டதுமே அறுத்து எரித்து, தோட்டத்தில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இலையிலேயே சோறு போடப்படுவதால் மருந்துத் தெளிப்பை எண்ணிப் பார்த்தே செய்ய வேண்டும்.

இரண்டு சீசனுக்கும் நடுவில் ஓணம் வருகிறது. 2024-ல் செப்டம்பர் 15, 2025-ல் செப்டம்பர் 5 என்று திருவோண நாள் ஆண்டுதோறும் மாறும். அதற்கு முந்திய பத்து நாளில் கேரள வியாபாரிகள் பாவூர்சத்திரம் வந்து இலையும் காயும் ஏற்றிப் போவார்கள். சாரல் ஓய்ந்து ஓட்டல்காரர் ஆர்டரைக் குறைக்கும் அதே நாட்களில் இந்தக் கிராக்கி வருவதால், சித்திரை நடுவில் நாற்று விட்ட இரண்டாம் தவணைக் கத்தரியின் கடைசிப் பறிப்புகளை அங்கே தள்ளிவிடலாம். பறிப்பு முடிந்ததும், அந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டு ஐயப்ப சீசனுக்கான வெண்டையை அங்கே புரட்டாசிக் கடைசியில் விதைக்க நிலம் தயாராக இருக்கும்.